காரைக்குடி மாடிக்கடை: நேட் போடப் பழக நினைப்பவர்களுக்கு

செக்காலை ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெரு ஒன்றில், பழைய செட்டியார் வீட்டு மாடியில், பெயர்ப்பலகை இல்லாமல் ஒரு கேமிங் கடை இருக்கிறது. பத்து கம்ப்யூட்டர். கீழே வளவில், அதாவது நடுமுற்றத்தில், கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்குக் கொடுக்கிறார்கள், அதனால் மாடிப்படிக்குப் போக இரண்டு பக்கமும் அடுக்கி வைத்த அண்டாக்களுக்கு நடுவே ஒதுங்கித்தான் நடக்க வேண்டும். தெரிந்தவர்கள் மாடிக்கடை என்பார்கள். ஒன்றரை வருடமாகப் புதுவயலிலிருந்து பஸ் ஏறி இங்கே வருகிறேன், வாரத்துக்கு இரண்டு நாள், சில வாரம் மூன்று. ஆடுவது கவுன்டர் ஸ்ட்ரைக் 2 மட்டும். அணிக்கு ஐந்து பேராக மோதும் துப்பாக்கி ஆட்டம் அது: டி என்கிற பக்கம் பாம் வைக்கப் பார்க்கும், சிடி என்கிற பக்கம் தடுக்கும். இந்தக் கடையைப் பற்றி என்னிடம் விசாரிக்கிறவர்கள் எல்லோரும் ஏசி இருக்கா, கிராபிக்ஸ் கார்டு என்ன, மணிக்கு எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். அதையெல்லாம் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் இங்கே கிடைக்கிற முக்கியமான விஷயத்தைச் சொல்ல வேண்டும்: இங்கே நேட் போடச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

நேட் என்றால் கிரனேட்தான், கையெறி குண்டு. போனில் ஆடி வளர்ந்தவர்களுக்கு அது தரையில் கிடக்கும் பொருள். கிடைத்தால் எடுப்போம், எதிரி ஒளிந்திருக்கும் வீட்டுக்குள் வீசுவோம், செத்தால் சந்தோஷம். நானும் அந்தப் பழக்கத்தோடுதான் இங்கே வந்தேன். முதல் நாள் என் பின்னால் நின்று ரெண்டு ரவுண்டு பார்த்த கடை அண்ணன், "தம்பி, குண்டை ஆள் மேல போடாத. இடத்து மேல போடு" என்றார். அன்றைக்கு அது எனக்குப் புரியவில்லை. இப்போது என்னுடைய ஆட்டம் முழுக்க அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நிற்கிறது.

அண்ணன் இந்த ஆட்டத்தின் பழைய பதிப்பான 1.6 காலத்திலிருந்து ஆடுகிறவர், அதாவது 2003 வாக்கில் ஆரம்பித்தவர். சென்னையில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பி இதை வைத்திருக்கிறார். கடையில் யார் உட்கார்ந்தாலும் அவர் முதலில் பார்ப்பது அவர்கள் எப்படிச் சுடுகிறார்கள் என்பதை அல்ல, ரவுண்டு தொடங்கும்போது என்ன வாங்குகிறார்கள் என்பதைத்தான்.

இந்த ஆட்டத்தில் எல்லாமே காசு. முதல் ரவுண்டில் கையில் 800 டாலர். கண்ணைக் கூசவைக்கும் ஃப்ளாஷ் 200, புகை விடும் ஸ்மோக் 300, வெடித்துக் காயப்படுத்தும் ஹெச்இ 300, டி பக்கத்துக்கு நெருப்பு பற்றவைக்கும் மாலடாவ் 400, சிடி பக்கத்தில் அதே வேலையைச் செய்கிற இன்சென்டியரிக்கு அதைவிடக் கூட, வெறும் சத்தம் காட்டி ஏமாற்றும் டிகாய் 50. ஒருவர் அதிகபட்சம் நாலு நேட்தான் வைத்துக்கொள்ளலாம், ஃப்ளாஷ் மட்டும் இரண்டு வரை, மற்றதெல்லாம் ஒன்றுதான். ஐந்து பேரும் முதல் ரவுண்டில் 650 கொடுத்துக் கவசம் வாங்கிவிட்டால் ஆளுக்கு 150 மிச்சம், ஒரு ஃப்ளாஷுக்குக்கூடப் போதாது, அப்புறம் ஐந்து பேரும் எதிரி பார்த்துக்கொண்டிருக்கிற வாசலுக்குள் வெறும் கையோடு ஓட வேண்டியதுதான். இங்கே அதை அண்ணன் விடமாட்டார். ஒருவனாவது கவசத்தை விட்டுவிட்டு ஒரு ஸ்மோக், இரண்டு ஃப்ளாஷ் வாங்க வேண்டும், 700 ஆகும், அவன் முன்னால் போக வேண்டாம், மற்ற நாலு பேருக்கு வழி விடுவதுதான் அவன் வேலை. இதைச் சொன்னபோது எனக்கு எரிச்சலாக இருந்தது. கவசம் இல்லாமல் யார் நிற்பது? நின்று பார்த்த பிறகுதான், அந்த ரவுண்டுகளில் பாம் வைக்க வேண்டிய இடமான சைட்டுக்குள் நாங்கள் காலை வைக்கவாவது முடிகிறது என்பது தெரிந்தது.

பெரிய ரவுண்டுகளிலும் அதே கணக்குதான். ஏகே துப்பாக்கி 2700, கவசமும் ஹெல்மெட்டும் 1000, ஆக 3700. கையில் 4100 இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், மிச்சம் 400. ஒரு மாலடாவ் வாங்கலாம், இல்லை இரண்டு ஃப்ளாஷ், இல்லை ஒரு ஸ்மோக். எதை வாங்குவது என்று கேட்டால் அண்ணன் பதில் சொல்லமாட்டார், "இந்த ரவுண்டு நீ எங்க நிக்கப் போற?" என்று திருப்பிக் கேட்பார். திறந்த வெளியைக் கடக்க வேண்டும் என்றால் ஸ்மோக். உனக்கு முன்னால் ஒருவன் நுழையப் போகிறான், நீ இரண்டாவது ஆள் என்றால் ஃப்ளாஷ், அதுவும் அவனுக்காக. ஒரு மூலையில் ஒருவன் எப்போதும் உட்கார்ந்திருக்கிறான் என்று தெரிந்தால் மாலடாவ். வாங்கும் நேரம் முடிவதற்குள் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் வாங்கிய நேட் செத்த உடம்போடு கீழே கிடக்கும். எத்தனை ரவுண்டு என் ஸ்மோக் அப்படிக் கிடந்திருக்கிறது!

ஸ்மோக்கைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேச வேண்டும், ஏனென்றால் 2023 செப்டம்பரில் இந்த ஆட்டம் வந்தபோது முந்தைய பதிப்பிலிருந்து பெரிதாக மாறியது அதுதான். முன்பு ஸ்மோக் எங்கே விழுந்தாலும் ஒரே அளவுப் பந்து மாதிரி நிற்கும். இப்போது இடத்துக்குத் தகுந்தபடி நிரம்புகிறது. உள்ளறையில் சாம்பிராணி போட்டால் அறை நிறைந்த பிறகு நிலை வழியாக வெளியே வழிகிறதே, அதே மாதிரி சின்ன அறைக்குள் விழுந்த ஸ்மோக் சுவரோடு ஒட்டி நிரம்பி வாசல் வழியாக நீள்கிறது. வெட்டவெளியில் விழுந்தால் உருண்டையாக நிற்கிறது. அதனால் வாசலை அடைக்க வேண்டுமென்றால் சரியாக நிலைப்படியில்தான் விழ வேண்டும் என்பதில்லை, கொஞ்சம் உள்ளே தள்ளி விழுந்தாலும் அடைபடுகிறது. ஆனால் பக்கத்தில் இன்னொரு திறப்பு இருந்தால் புகை அந்தப் பக்கம் போய்விடும், உங்களுக்கு வேண்டிய மூலையில் மெலிதாக ஓர் இடைவெளி நிற்கும், அந்த இடைவெளி வழியாகத்தான் எதிரி உங்கள் தலையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஸ்மோக் எங்கே போடுவது என்பதற்கு அண்ணன் கையாளும் உதாரணம் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரே நொடியில் புரியும். செட்டிநாட்டு வீட்டில் முகப்பு வாசலில் நின்றால் வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிப் பின்வாசல் வரை நேர்கோட்டில் தெரியும், கதவுகள் அத்தனையும் ஒரே வரிசையில் இருக்கும். முகப்பில் ஒருவன் துப்பாக்கியோடு நிற்கிறான், நீங்கள் வளவை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கடக்க வேண்டும். எங்கே மறைப்பீர்கள்? புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் தங்கள் காலடியில் ஸ்மோக் போட்டுக்கொண்டு அதற்குள் நடப்பார்கள், அவனுக்கு எங்கே சுடுவது என்று நாமே காட்டிக்கொடுத்த மாதிரி. மறைக்க வேண்டியது அவன் கண்ணுக்குப் பக்கத்தில், அந்த முகப்பு நிலையில். அப்போது அவனுக்கு வளவே கிடையாது, நீங்கள் தாராளமாக நடக்கலாம். டஸ்ட் 2 என்கிற வரைபடத்தில், அதாவது ஆடுகளத்தில், மிட் என்கிற நடுப்பகுதியில் ஒரு கதவிடுக்கு இருக்கிறது பாருங்கள், அது அப்படியே இந்த வீட்டு நிலைவரிசைதான். மிட்டில் ஒரு பெட்டி, எல்லோரும் எக்ஸ்பாக்ஸ் என்று சொல்வது, அதன் மேல் டி பக்கம் ரவுண்டைத் தொடங்கும் இடத்திலிருந்தே ஸ்மோக் போட்டுவிட்டுக் கிளம்பினால் கதவிடுக்கு வழியாகப் பார்க்கிற ஸ்னைப்பருக்கு நீங்கள் ஷார்ட் என்கிற குறுக்குப் பாதைக்கு ஏறுவது தெரியாது.

இப்படித் தொலைவிலிருந்து குறித்த இடத்தில் விழவைப்பதற்கு லைன்அப் என்று பெயர். சுவரின் இந்த மூலையில் ஒட்டி நில், அந்த ஆன்டெனா நுனிக்கு மேல் குறியை வை, குதித்துக்கொண்டே விடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. மிராஜ் வரைபடத்தில் ஏ சைட்டுக்குள் போக சிடி, படிக்கட்டு, ஜங்கிள் என்று மூன்று இடத்துக்கு மூன்று ஸ்மோக் வேண்டும். ஒருவரிடம் ஒன்றுதான் இருக்க முடியும் என்பதால் மூன்று பேர் மூன்று இடத்தில் நின்று ஒரே நேரத்தில் விட வேண்டும். ஒன்று பிசகினாலும் மற்ற இரண்டும் வீண். இதைத் தனியாக வீட்டில் உட்கார்ந்து படிக்கலாம்தான், வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் அடுத்தடுத்த நாற்காலியில் மூன்று பேர் உட்கார்ந்து, "மூணு, ரெண்டு, ஒண்ணு, விடு" என்று வாயால் சொல்லி விட்டுப் பார்க்கும்போது வருகிற பழக்கம் வேறு. மூன்றும் சேர்ந்து விழுகிற நாளில் அறை முழுக்க ஒரு சத்தம் எழும், கீழே பாத்திரம் எண்ணுகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

ஃப்ளாஷுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த நேட் இதுதான், மிகவும் தப்பாகப் போடப்படுவதும் இதுதான். கையை விட்டுப் போய் ஒன்றரை வினாடி அளவில் வெடிக்கும், பார்த்துக்கொண்டிருந்தவன் கண் வெள்ளையாகிவிடும், காது இரையும். முதுகைக் காட்டித் திரும்பிவிட்டால் பாதிப்பு ரொம்பக் குறைவு. நம் ஆள் பார்த்தாலும் அவன் கண்ணும் போகும். இந்தக் கடைசி விஷயத்தால்தான் நண்பர்களுக்குள் சண்டையே வரும்.

மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, என் ஃப்ளாஷை எல்லாம் எதிரிகள் சுலபமாகத் தவிர்த்துவிடுகிறார்கள் என்று புலம்பிக்கொண்டிருந்தேன். அண்ணன் மேசை டிராயரிலிருந்து ஒரு டென்னிஸ் பந்தை எடுத்துக்கொண்டு, "வா" என்று மாடி நடைக்குக் கூட்டிப்போனார். ஆத்தங்குடிக் கல் பதித்த நீள நடை, நடுவில் பழைய தேக்கு நிலை. என்னை நிலைக்கு இந்தப் பக்கம் பத்தடி தள்ளி நிற்கவைத்தார், அவர் அந்தப் பக்கம் சுவருக்குப் பின்னால் மறைந்துகொண்டார். "பந்து கண்ணுல பட்டதும் 'ஆ'ன்னு சொல்லு." முதல் தடவை நேராக நிலைக்குள் எறிந்தார். பந்து அவர் பக்கத்துச் சுவரைத் தாண்டி வெளியே வந்த உடனே தெரிந்தது, 'ஆ' என்று சொல்லி ஒதுங்கவும் நேரம் இருந்தது. இரண்டாவது தடவை நிலையின் பக்கவாட்டு மரத்தில் பட்டுத் தெறிக்கும்படி எறிந்தார். நிலையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன், அப்படியும் பந்து என் முழங்காலில் பட்ட பிறகுதான் வாயைத் திறந்தேன். சுண்ணாம்புச் சுவரில் பந்து பட்ட இடத்தில் ஒரு தடம் விழுந்தது, அதைக் கையால் துடைத்துவிட்டு, "முதப் பந்து உனக்கு நேரம் கொடுத்துச்சு. ரெண்டாவது கொடுக்கல. வெடிக்கிறதுக்கு முந்தின நொடிதான் அவன் கண்ணுல படணும்" என்றார். பாப் ஃப்ளாஷ் என்பது இதுதான். எத்தனையோ வீடியோ பார்த்தும் விளங்காத விஷயம் அன்றைக்கு முழங்காலில் பட்டு விளங்கியது. அதற்கப்புறம் ஃப்ளாஷை எங்கே எறிவது என்று நான் யோசிப்பதில்லை, எந்தச் சுவரில் பட்டு எந்த நொடியில் வெளியே வர வேண்டும் என்றுதான் யோசிக்கிறேன்.

மாலடாவ் ஏழு வினாடி எரியும். அந்த ஏழு வினாடி ஒரு மூலையில் யாரும் இருக்க முடியாது, இருக்கிறவன் வெளியே வர வேண்டும், வரும்போது நீங்கள் தயாராக நிற்க வேண்டும். நெருப்பைப் போட்டுவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் 400 டாலர் தண்டம். ரொம்ப உயரத் தூக்கிப் போட்டால் தரையைத் தொடுவதற்கு முன் காற்றிலேயே வெடித்து ஒன்றுமில்லாமல் போய்விடும், அதனால் தூரத்து மாலடாவுக்குத் தாழ்வான வீச்சுதான் சரி. எதிரி நெருப்பு போட்டால் அதன் மேல் ஸ்மோக் போட்டு அணைக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள். இன்ஃபெர்னோ வரைபடத்தில் பனானா என்கிற பாதையில் ரவுண்டு தொடங்கிய சில வினாடிகளிலேயே இரண்டு பக்கமும் நெருப்பும் ஸ்மோக்குமாக மாறி மாறிப் போட்டுக்கொள்வது அந்த ஒரு சந்துக்காகத்தான்.

ஹெச்இயைக் கொல்லும் ஆயுதம் என்று நினைத்து வாங்குகிறவர்கள் ஏமாறுவார்கள். முழு உயிரோடு இருக்கிறவனை ஒன்று மட்டும் கொல்லாது, கவசம் போட்டவனுக்குப் பாதியைக் கொஞ்சம் தாண்டும், அதுவும் காலடியில் வெடித்தால்தான். ஆனால் இந்தப் பதிப்பில் அதற்கு ஒரு புது வேலை வந்திருக்கிறது. ஸ்மோக்குக்குள் ஹெச்இ வெடித்தால் புகை ஓரிரு வினாடி விலகி வழி திறக்கும். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் நிற்கிறவன் வெட்டவெளியில் நிற்கிறான். எப்போது வெடிக்கும் என்று தெரிந்தவர் நீங்கள், அவனுக்குத் தெரியாது. 300 டாலருக்கு இதைவிட நல்ல பேரம் இல்லை என்று நான் நினைக்கிறேன். டிகாய், காசு மிஞ்சினால் வாங்குங்கள்.

இதெல்லாம் சரியாக நடக்க மெஷின் ஒத்துழைக்க வேண்டும், அங்கேதான் கடையைக் குறை சொல்ல வேண்டியிருக்கிறது. இடது பட்டனைப் பிடித்து விட்டால் நேட் தூரம் போகும், வலது பட்டனில் பக்கத்தில் விழும், இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் நடுத்தரம். அந்த நடுத்தர வீச்சு வர இரண்டு பட்டனும் ஒழுங்காக இருக்க வேண்டும். நாலாம் நம்பர், ஏழாம் நம்பர் மெஷின்களில் மவுஸின் வலது பட்டன் தேய்ந்துவிட்டது, பிடித்திருக்கும்போதே விட்டுவிடுகிறது. மிராஜில் வாசல் ஓரம் விழ வேண்டிய என்னுடைய ஃப்ளாஷ் என் காலடியில் விழுந்து எங்கள் மூன்று பேர் கண்ணும் ஒரே நேரத்தில் போனது அந்த நாலாம் நம்பர் மெஷினால். மாற்றித் தருகிறேன் என்று சொல்லி இரண்டு மாதம் ஆகிறது, இன்னும் மாற்றவில்லை. ஜன்னல் ஓரத்து இரண்டு மெஷினும் பழைய கிராபிக்ஸ் கார்டு. சாதாரணமாக நன்றாகத்தான் ஓடும், ஸ்மோக்குக்குப் பக்கத்தில் போனால் மட்டும் படம் இழுக்கும், நேட்டை நம்பி ஆடுகிறவர்களுக்கு அது ஆகவே ஆகாது. மதியம் மூன்று மணிக்கு மேல் அந்த ஜன்னலில் வெயில் வேறு நேராக விழும், ஃப்ளாஷே தேவையில்லை, திரையில் ஒன்றும் தெரியாது. ஒன்று, இரண்டு, மூன்று, எட்டு நல்ல மெஷின்கள். மூன்றைக் கேட்டு வாங்குங்கள், அதில் மவுஸ் புதுசு.

ஹெட்போன்கள் சுமார்தான். நேட்டின் ஊசியைப் பிடுங்கும் சத்தம், தரையில் தட்டி உருளும் சத்தம், இவற்றை வைத்துத்தான் எதிரி என்ன போடுகிறான், எங்கிருந்து போடுகிறான் என்று தெரிந்துகொள்ள வேண்டும். கடை ஹெட்போனில் சத்தம் வரும், திசை தெளிவாக வராது. நான் என்னுடையதைக் கொண்டுபோகிறேன். இணைய வேகத்தில் குறை இல்லை, சென்னை சர்வருக்கு பிங், அதாவது போய்வரும் தாமதம், முப்பது மில்லிசெகண்டுக்குள் நிற்கிறது. கரண்ட் போனால் யுபிஎஸ் கால் மணி நேரம் தாங்கும், ஓடுகிற ஆட்டத்தை அவசரமாக முடித்துக்கொள்ளலாம். ஏசி ஒன்றுதான், ஆனால் பழைய வீட்டுச் சுவரும் கல் தரையும் குளிர்ச்சி, சித்திரையிலேயே சமாளித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பள்ளிக்கூடப் பையன்கள் கூட்டம், கூச்சலில் உருளும் குண்டு என்ன, வெடித்த குண்டே கேட்காது.

நேட் பழக வருகிறவர்கள் காலை பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் வாருங்கள். சாதாரணமாக மணிக்கு 60 ரூபாய், அந்த இரண்டு மணி நேரம் மட்டும் 40. பயிற்சி முறையில் வரைபடத்தைத் திறந்து, குண்டு தீராதபடி வைத்து, விழும் இடத்தைக் காட்டும் கேமராவைப் போட்டு அண்ணனே கொடுத்துவிடுவார். ஒரு நாளைக்கு ஒரு வரைபடம், அதில் மூன்று லைன்அப், அதற்கு மேல் சொல்லித்தரமாட்டார். பத்து கேட்டேன், மறுத்தார். அந்த மூன்றையும் அன்றைக்கே ஆட்டத்தில் போட்டுக்காட்டினால்தான் அடுத்தது. எனக்கு இப்போது நாலு வரைபடத்தில் முப்பது முப்பத்தைந்து தெரியும், ஒன்றுகூட மறக்கவில்லை.

போன மாதம் மிராஜில் ஒரு ஆட்டம். பதின்மூன்று ரவுண்டு எடுத்தால் வெற்றி, நாங்கள் பன்னிரண்டில் நிற்கிறோம், அவர்கள் பதினொன்று. நாங்கள் சிடி பக்கம். ஏ சைட்டில் பாம் வைத்தாகிவிட்டது, நாற்பது வினாடியில் வெடிக்கும். எங்கள் பக்கம் நான் ஒருவன், அவர்கள் பக்கமும் ஒருவன், எங்கே இருக்கிறான் என்று தெரியாது. என் கையில் 400 டாலர் கிட் இருந்தது, அதனால் பாமைச் செயலிழக்கச் செய்ய ஐந்து வினாடி போதும், இல்லையென்றால் பத்து ஆகும். ஒரு ஸ்மோக்கும் இருந்தது. அது நான் வாங்கியதல்ல. பக்கத்து நாற்காலித் தேவகோட்டைத் தம்பி ரவுண்டு தொடக்கத்தில் என் காசு குறைந்ததைப் பார்த்து, "அண்ணே, இது உங்கிட்ட இருக்கட்டும்" என்று கீழே போட்டுக்கொடுத்தது. இந்த ஆட்டத்தில் நேட்டைக் கூட்டாளிக்குக் கொடுக்கலாம் என்பதே பல பேருக்குத் தெரியாது. பாம் மேல் ஸ்மோக் போட்டேன். ஸ்மோக் நிற்பது இருபது வினாடி சுமார், எனக்கு வேண்டியது அதில் ஐந்து. எந்த ஐந்து என்று அவனுக்குத் தெரியாது. செயலிழக்கச் செய்யும் சத்தம் அவனுக்குக் கேட்கட்டும் என்று பாமை ஒரு தடவை தொட்டுவிட்டு விட்டேன், அவன் உடனே புகைக்குள் சுட ஆரம்பித்தான், குண்டு போன இடமெல்லாம் புகையில் சின்னச் சின்ன ஓட்டை திறந்து மூடியது, அதில் அவன் படிக்கட்டுப் பக்கம் நிற்பது தெரிந்தது. நான் சுடவில்லை. அவன் துப்பாக்கியில் குண்டு மாற்றும் சத்தம் கேட்டது. பாமுக்கு மறுபக்கம் சுற்றி வந்து உட்கார்ந்து பிடித்தேன். ஐந்து வினாடி.

தேவகோட்டைத் தம்பி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று கத்தினான். அண்ணன் கல்லாவிலிருந்து எழுந்து வரக்கூட இல்லை, அங்கிருந்தே, "ஸ்மோக் யாருது?" என்று கேட்டார். தம்பியைக் கைகாட்டினேன். அன்றைக்கு அவனிடம் காசு வாங்கவில்லை.

ஐந்துக்கு நாலு கொடுக்கலாம். நாலாம் நம்பர் மவுஸை மாற்றிவிட்டால் இன்னொன்றையும் கொடுத்துவிடுவேன். செவ்வாய்க்கிழமை விடுமுறை, மற்ற நாள் காலை பத்திலிருந்து இரவு பத்து வரை. மாடிப்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுங்கள்.